கைமாற்று

எங்கள் வீட்டில் ஓர் எவர்சில்வர் தாம்பாளம் இருக்கிறது. அதன் விளிம்பில் ‘ரைஃபிள் போட்டி, முதற்பரிசு, 1994’ என்று பொறித்திருக்கும். வெற்றிலை பாக்கு வைக்கவும், கல்யாண வீட்டுக்குப் பழம் எடுத்துப் போகவும் முப்பது ஆண்டுகளாக அது புழங்கி வருகிறது. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்துகள் மங்கிவிட்டன. விரலால் தடவினால்தான் ‘முதற்’ என்பது பிடிபடும். சென்ற மாதம் பேத்தி அப்படித் தடவிப் படித்துவிட்டு, “இது நீங்க ஜெயிச்சதா தாத்தா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சிறு பெண்ணுக்கு ஒரு சொல்லில் சொன்ன பதில்தான். பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாத பதிலும்கூட. ஆனாலும் அன்று இரவு உறக்கம் வரவில்லை. அந்தத் தாம்பாளத்தை என் கைக்குக் கொண்டுவந்து சேர்த்த குண்டு நான் சுட்டதன்று. அதைச் சுட்டவர் பள்ளத்தூரில் இருக்கிறார். இன்னமும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரோடுதான் நான் காலைப் பலகாரம் சாப்பிடுகிறேன்.

அவரை நான் ‘அண்ணே’ என்பேன். அவர் என்னை ‘வாத்தியாரே’ என்பார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் எங்களுக்குள் ‘வாங்க, போங்க’ மாறவில்லை. 1983இல் காரைக்குடியில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்தபோது எனக்கு 25 வயது. கல்லூரியில் என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்ட பழக்கம் இருந்ததே தவிர, சொந்தமாகத் துப்பாக்கி வாங்கும் வசதி இல்லை. அவருக்கு 27 வயது. அப்பச்சியின், அதாவது அப்பாவின், இரும்புக் கடையை அப்போதுதான் கையில் எடுத்திருந்தார். அவருடைய அய்யா, அதாவது தாத்தா, பர்மாவில் கொண்டுவிற்று வணிகம் செய்த காலத்திலிருந்தே அந்த வீட்டில் வேட்டைத் துப்பாக்கி உண்டு. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை நின்ற பிறகு, துப்பாக்கி இருந்தது, சுடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. “பன்னிக்குப் பதிலாக் காகிதம். அதுவும் ஓடாது, நானும் ஓட வேண்டாம்” என்று சொல்லிக்கொண்டு .22 ரைஃபிள் ஒன்றுக்கு உரிமம் எடுத்து கிளப்பில் சேர்ந்தவர் அவர்.

கிளப் என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஊருக்கு வெளியே செம்புராங்கல் வெட்டிக் கைவிட்ட பள்ளம் ஒன்று. வெட்டிய சுவரே குண்டு தாங்கும் மேடு. கீற்றுக் கொட்டகையில் எட்டுப் பாய், 50 மீட்டருக்கு அப்பால் எட்டு மரச் சட்டம். புதுவயல் அரிசி ஆலைக்காரர் ஒருவர், மருத்துவர் ஒருவர், நாங்கள் இருவர், இன்னும் பத்துப் பேர். எல்லோருக்கும் மேலே, ராணுவத்தில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர். அவருடைய விசில் இல்லாமல் யாரும் தோட்டாவைத் தொடக்கூட முடியாது. குப்புறப் படுத்துச் சுடும் போட்டியில் பத்துப் புள்ளிக்குரிய வளையத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், அதாவது ஒரு சட்டைப் பொத்தான். வெளியே ஒவ்வொரு வளையத்துக்கும் 8 மில்லிமீட்டர் அகலம். ஆனி, ஆடியில் மேல்காற்று கிளம்பிவிட்டால், தென்னங்கீற்று அசைகிற அளவுக் காற்றே குண்டை ஒரு வளையம், இரண்டு வளையம் தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் எங்கள் ஊரில் நன்றாகச் சுடுகிறவன் என்றால் கை நடுங்காதவன் என்று பொருளில்லை. எப்போது சுடாமல் இருப்பது என்று தெரிந்தவன் என்று பொருள். அண்ணனுக்கு அது பிறவியிலேயே வாய்த்திருந்தது. காற்று நிற்கும்வரை விசையில் விரல் வைக்காமல், கடையில் விலை படியாத வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல் இலக்கைப் பார்த்தபடி படுத்திருப்பார். நான் அவசரக்காரன்.

சுபேதார் எங்களுக்குக் கற்றுத்தந்ததில் இந்தக் கதைக்கு வேண்டியது ஒன்றுண்டு. குண்டு புறப்பட்டதும் தொலைநோக்கியில் கண் வைக்கக் கூடாது. முதலில் வாயால் சொல்ல வேண்டும்: “பத்து”, “ஒன்பது, வலப்பக்கம், மூன்று மணித் திசை” என்று. அதன் பிறகுதான் பார்க்கலாம். விசை விடுபடும் கணத்தில் துப்பாக்கி முனையிலுள்ள குறிவளையம் எங்கே நின்றது என்பதைக் கண் பிடித்துவைத்திருக்க வேண்டும். சொன்னதும் விழுந்ததும் ஒத்துப்போகிறவனைத்தான் அவர் சுடத் தெரிந்தவன் என்று ஒப்புக்கொள்வார். ஒத்துப்போகாத பத்தைக்கூட அவர் மதித்ததில்லை. “அது நீ போட்டதில்ல, அதுவா விழுந்தது” என்பார்.

பேரேடு

ஞாயிறுதோறும் ஆளுக்கு இருபது குண்டு. தோற்றவர் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் வாங்கித்தர வேண்டும். முதல் வாரத்திலிருந்தே அண்ணன் இதற்கொரு கணக்கு வைத்தார். வேறெப்படி இருக்கும்? மகள் கல்யாணத்துச் சாமான் பட்டியலில் கடைசிக் கரண்டிவரை எழுதிவைக்கிற நகரத்தார் சமூகத்தில் பிறந்தவர். சிவப்புத் துணி அட்டை போட்ட நீளமான பேரேடு. இடப்பக்கம் என் புள்ளி, வலப்பக்கம் அவர் புள்ளி, ஓரத்தில் தமிழ்த் தேதி, காற்று எந்தத் திசை, தோட்டா உள்நாட்டு ஆர்டினன்ஸ் பேக்டரியா அல்லது இறக்குமதியா என்று எல்லாம். சித்திரை முதல் நாள் புதுக்கணக்குப் போடும்போது, கடைக் கணக்கோடு எங்கள் கணக்கும் புதிய ஏட்டுக்கு மாறும். வெற்று வாரங்களுக்குக் காரணம் எழுதியிருக்கும். ‘தேர்தல்’ என்பதுதான் அதில் அதிகம். தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமம் பெற்றவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, முடிவு வந்த பிறகு வாங்கிவர வேண்டியிருந்தது. 1996க்கும் 1999க்கும் இடையில் மூன்று நாடாளுமன்றத் தேர்தல் வந்தபோது, ஆட்சி கவிழ்ந்ததற்காக எங்களைப்போல வருந்தியவர்கள் மாவட்டத்தில் இருந்திருக்க மாட்டார்கள்.

1994 வரையிலான பதினோரு ஆண்டுகளில் யார் அதிகம் வென்றது என்று கேட்டால், அவர்தான். பத்தில் ஆறு வாரம் அவர், நான்கு வாரம் நான். அந்த நான்கையும் அவர் எனக்குத் தந்ததில்லை; நான் எடுத்தேன். ஒருமுறை எனக்கு 102 டிகிரி காய்ச்சல். வந்து படுத்துவிட்டேன் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு புள்ளிகூட விட்டுத்தராமல் 198 சுட்டுப் பணியாரம் வாங்க வைத்தார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் மருத்துவரிடம் கூட்டிப்போனார். அதை அன்பில்லாத செயல் என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். எனக்கு அன்றும் அப்படித் தோன்றவில்லை.

ஆறு ஓட்டை

1994, ஆனி மாதம். மதுரையில் கிளப்புகளுக்கிடையிலான ஒரு போட்டி. விடியற்காலைப் பேருந்தில் துப்பாக்கிப் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு போனோம், நடத்துநர் “நாகசுரமா?” என்று கேட்க, அண்ணன் “ஒத்து மட்டும் ஊதுவோம்” என்றார். சீட்டுப் போட்டதில் ஏழாம் பாய் அவருக்கு, எட்டாம் பாய் எனக்கு. 60 குண்டு, ஓர் அட்டைக்கு ஐந்து வீதம் பன்னிரண்டு அட்டை. நாற்பது குண்டு முடிந்தபோது நாங்கள் இருவரும் மற்றவர்களை விட்டு வெகுதூரம் முன்னே வந்துவிட்டோம் என்பது தொலைநோக்கிகளின் திசையைப் பார்த்தே தெரிந்தது. அப்போது துப்பாக்கியைக் கையோடு பிணைக்கும் அவருடைய ஸ்லிங் வாரில் கொக்கி நழுவியது. எழுந்து, வாரைச் சரிசெய்து, மறுபடி படுத்தார்.

எழுந்து படுக்கிறவனுக்கு வரக்கூடிய விபத்துதான் அவருக்கு வந்தது. உடம்பு ஒரு சாண் திரும்பிப் படுத்துவிட்டால், பின் சைட்டின் சிறு துளை வழியே தெரிகிற கறுப்பு வட்டம் எந்த எண்ணுக்குரியது என்பது தெரியாது. எல்லா வட்டமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். என் ஒன்பதாம் அட்டையில் நான் மூன்று குண்டு சுட்டிருந்தேன். முதலிரண்டும் பத்து. மூன்றாவதில் காற்று நிற்பதற்குள் அவசரப்பட்டேன். “ஒன்பது, மூன்று மணி” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். தொலைநோக்கியில் பார்த்தால் அப்படியே ஒன்பது, மூன்று மணி. மூச்சை விட்டுத் தோட்டாவை எடுத்துப் போட்டு மறுபடி பார்த்தபோது, நட்டநடு மையத்தில் நான் சுடாத ஓர் ஓட்டை இருந்தது. அழகான பத்து. எனக்கு விளங்குவதற்கு முன்பே பக்கத்துப் பாயில் கை உயர்ந்தது. “எட்டாம் நம்பர்ல போயிருச்சு. என்னுது” என்று அதிகாரியிடம் சொன்னார். குரலில் எந்தப் பதற்றமும் இல்லை. பக்கத்து இலக்கில் விழுந்த குண்டுக்குப் பூஜ்யம் என்பது அவருக்குத் தெரியும். போட்டி தொடர்ந்தது, நானும் மீதி இரண்டு குண்டையும் அதே அட்டையில் பத்தாகப் போட்டேன்.

புள்ளி பார்க்கும் அறையில் அந்த அட்டை மேசைமேல் வந்தது. ஆறு ஓட்டை: ஐந்து பத்து, ஓர் ஒன்பது. இதற்கான விதி தெளிவானது. பிறர் குண்டு தன் அட்டையில் விழுந்து, எது யாருடையது என்று பிரிக்க முடியாமற்போனால், அந்த ஐயத்தின் பலன் அட்டைக்குரியவருக்கு. உயர்ந்த மதிப்பே அவர் கணக்கில் சேரும். தவறு செய்யாதவன் நட்டப்படக் கூடாது என்பதற்காக எழுதிய நல்ல விதி அது. புள்ளி அளக்கும் கேஜை ஓட்டையில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “எது எதுன்னு சொல்ல முடியாது, இல்லையா சார்?” என்றார். நான் தலையை அசைத்தேன். நம் ஊர்த் தலையசைப்பு. ஆமாம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம். அவர் 50 என்று எழுதினார்.

மொத்தம் எனக்கு 581. அண்ணனுக்கு, அந்தப் பூஜ்யத்தையும் சேர்த்து, 580. என் ஒன்பதை ஒன்பதாகவே வைத்திருந்தால் இருவருக்கும் 580. சமநிலை வந்தால் கடைசிப் பத்துக் குண்டின் கூட்டுத்தொகையைப் பார்ப்பார்கள். அதில் அவருக்கு 99, எனக்கு 96. ஒரு பூஜ்யம் விழுந்த பிறகு மீதியிருந்த எல்லாக் குண்டையும் ஒன்றுமே நடக்காதவர்போலச் சுட்டவர் அவர். தாம்பாளத்தை நான் வாங்கினேன். திரும்பும்போது பேருந்தில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தோம். மேலூரில் வேர்க்கடலை வாங்கினோம். திருப்பத்தூர் தாண்டியதும் அவர் உறங்கிவிட்டார், அல்லது உறங்குவதுபோல் இருந்தார்.

எனக்காக நானே வாதாடிப் பார்க்காத நாளில்லை. பிழை அவருடையது, விதி என் பக்கம், அட்டையைப் பார்த்து யாராலும் பிரித்திருக்க முடியாது, இடையூறு எனக்கும் தானே நேர்ந்தது. எல்லாம் சரிதான். ஆனால் ‘யாராலும்’ என்பதில் நான் சேர மாட்டேன். விதி பேசுவது தெரியாத நிலையைப் பற்றி, எனக்குத் தெரிந்திருந்தது. எந்தக் குண்டு எங்கே போயிற்று என்று அறிவதற்காகவே பதினோரு ஆண்டு அந்தச் செம்மண்ணில் குப்புறக் கிடந்திருக்கிறேன். தெரியாது என்று தலையசைத்தபோது நான் ஒரு புள்ளியை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, எனக்கு வந்த ஒரே வித்தையையும் இல்லை என்று சொல்லிவிட்டேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே ஆண்டு மார்ச்சில், பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்து ஒரு மதிப்பெண் விடையை எழுதிய மாணவனைத் தேர்வு அறையிலிருந்து வெளியே அனுப்பியவன் நான். அந்தப் பையனின் முகம் எனக்கு அந்த அறையிலேயே நினைவுக்கு வந்தது. வந்தும் நான் வாய் திறக்கவில்லை.

திருப்பிக் கொடுத்தது

அடுத்த ஞாயிறு அவர் வழக்கம்போல் வந்தார், சுட்டோம், பணியாரம் சாப்பிட்டோம். பதினான்கு ஆண்டுகள் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. 2008 ஆகஸ்ட் 11 அன்று அபினவ் பிந்த்ரா பெய்ஜிங்கில் தங்கம் வென்றார். மாலையில் பள்ளி முடிந்து அண்ணனின் கடைக்குப் போனேன். மறுஒளிபரப்பில் அந்தக் கடைசிக் குண்டைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபின்லாந்து வீரரோடு புள்ளி சமமாக நிற்கும் நிலையில், தசமக் கணக்கில் 10.8. கடைப் பையன்கள் கைதட்டினார்கள். அண்ணன் திரையில் ஓடிய எண்களைப் பார்த்துக்கொண்டே, “எல்லாம் மின்னணு. ஓட்டையே இல்ல. இனிமே யாரும் யாருக்கும் கடன்பட வேண்டியதில்ல, வாத்தியாரே” என்றார். மின்னணு இலக்கிலும் பக்கத்தில் சுட்டுவிட முடியும். ஆனால் ஒவ்வொரு குண்டும் எந்த நொடியில் விழுந்தது என்று பதிவாகிவிடுவதால் குழப்பத்துக்கு இடமிருக்காது. அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. “அண்ணே, அந்த 94...” என்று தொடங்கினேன். அவர் எழுந்து போய் இரும்பு அலமாரியிலிருந்து அந்த ஆண்டுப் பேரேட்டை எடுத்துவந்தார். ஆனி மாதப் பக்கத்தில், அன்றைய புள்ளிகளுக்குக் கீழே, அவருடைய நேர்த்தியான கையெழுத்தில் ஒரு வரி: ‘வாத்தியாருக்குக் கைமாற்று, புள்ளி 1.’ அதற்குப் பின்வந்த ஒவ்வொரு புதுக்கணக்கிலும் முதல் பக்கத்தில் அந்த வரி கொண்டுவரப்பட்டிருந்தது.

“விதி குடுத்துச்சு, நீங்க வாங்கிக்கிட்டீங்க. அதுல எனக்கு ஒண்ணுமில்ல. நான் தப்பாச் சுட்டதுக்கு எனக்குப் பூஜ்யம், அது என் கணக்கு. ஆனா அன்னைக்கு மதுரையிலருந்து பக்கத்துல உக்காந்து வந்தீங்களே, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்” என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். பிறகு காப்பி சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பின் நான் செய்தது அதைவிட மோசம். அடுத்த மாதம் ஒரு ஞாயிறு, பத்தொன்பது குண்டு முடிந்தபோது நான் ஒரு புள்ளி முன்னே இருந்தேன். கடைசிக் குண்டை, காற்றே இல்லாத நேரத்தில், அறிந்தே எட்டில் போட்டேன். கடன் தீர்ந்தது என்று உள்ளே ஒரு நிம்மதி. அவர் தொலைநோக்கியில் என் அட்டையைப் பார்த்தார்; நெருங்கிக் கிடந்த ஓட்டைகளையும் தனியே ஒதுங்கி நின்ற அந்த ஒன்றையும் பார்த்தார். என்னைவிட நன்றாக என் சுடுகையை அறிந்தவர் அவர். பேரேட்டில் அன்றைய தேதிக்கு நேரே ‘செல்லாது’ என்று எழுதி மூடினார். “கடன் வாங்கினவன் கடனைக் கட்டலாம், வாத்தியாரே. பிச்சை போடக் கூடாது” என்றார். அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை. வீட்டு விசேஷமோ தேர்தலோ இல்லாமல் அந்தப் பேரேட்டில் வெறுமையாகக் கிடப்பவை அந்த இரண்டு வாரங்கள் மட்டுந்தான். மூன்றாம் வாரம் நானே பள்ளத்தூர் போய், முகப்பில் உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். அண்ணனின் மனைவி, ஆச்சி, பணியாரம் கொடுத்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு அவர் வந்தார்.

பிறகு காலம் விரைவாக ஓடிவிட்டது. சுபேதார் போனார். பள்ளத்தை மூடி வீட்டுமனை போட்டார்கள். குப்புறப் படுத்துச் சுடும் ஆண்கள் போட்டி 2016 ரியோவோடு ஒலிம்பிக்கிலிருந்தே நின்றது. ஆண், பெண் போட்டிகளின் எண்ணிக்கையைச் சமமாக்க அதை எடுத்துவிட்டார்கள். அண்ணன் அதைக் கேட்டு, “ஞாயந்தானே, பொம்பளைப் பிள்ளைகளும் சுடட்டும்” என்றார். அதற்குள் எங்கள் முழங்கைகளும் கழுத்தும் படுத்துச் சுட மறுத்துவிட்டன. 2015இல் ஆச்சி காலமானார்கள். நகரத்தார் கோயில் வரிக் கணக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப் புள்ளி. வரி எழுதுகிறவர்கள் வந்துபோன அன்று அவர் என்னிடம், “அங்க அரையாயிட்டேன்” என்று மட்டும் சொன்னார். புள்ளி என்ற சொல்லை எத்தனையோ ஆயிரம் முறை எங்களுக்குள் சொல்லியிருக்கிறோம். அன்று அதைக் கேட்டபோது எனக்குப் பேச்சு எழவில்லை.

இப்போது நாங்கள் சுடுவது அவர் வீட்டுக்குள்ளேயே. தெருவாசலில் நின்றால் பின்கட்டு வாசல்வரை நேர்கோட்டில் தெரியும்படி நிலைகளை வைத்துக் கட்டிய வீடு. வளவு எனும் உள்முற்றத்திலிருந்து இரண்டாம் கட்டு நிலைவரை நூல் பிடித்து அளந்து 10 மீட்டர் குறித்திருக்கிறார். அந்தப் பக்கத்துக் கதவைத் தாழிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த கனத்த இரும்புப் பெட்டியின் முன்னே அட்டை. ஆத்தங்குடிக் கல் தரையில் இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஓர் ஏர் ரைஃபிள். இந்த அட்டையில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. தசமக் கணக்கும் வைத்துக்கொண்டோம். ஆளுக்குப் பத்துக் குண்டு. காற்று கிடையாது என்பதால் சாக்கும் கிடையாது.

அண்ணனின் கண் மங்கிவிட்டது. செய்தித்தாள் படிக்க முடிவதில்லை. சென்ற ஆண்டே பேரேட்டில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கின. ஆனால் பின் சைட்டின் துளை வழியே கறுப்பு வட்டம் இன்னமும் ஓரளவு தெளிவாகத் தெரிகிறது. சிறு துளை வழியே வரும் ஒளி கலங்கலைக் குறைத்துவிடும். வகுப்பில் அட்டையில் ஊசித்துளை போட்டு நான் காட்டியதுதான். ஆகவே சுட முடிகிறது, எழுத முடியவில்லை. இந்தச் சித்திரை முதல் நாள் புதுப் பேரேட்டை என் பக்கம் தள்ளி, “இனிமே நீங்க எழுதுங்க, நான் சொல்றேன்” என்றார். மஞ்சள் தடவிய முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டேன். ஆண்டு, தேதி சொன்னார். பழைய ஏட்டிலிருந்து கொண்டுவர வேண்டியதைச் சொன்னார்: அவர் வென்ற வாரங்கள், நான் வென்ற வாரங்கள், இரு தரப்பும் தர வேண்டிய பணியாரப் பாக்கி. கடைசியில் சற்று நிறுத்தி, “கைமாற்று” என்றார்.

எழுதினேன். ‘வாத்தியாருக்கு’ என்று எழுதிவிட்டு அடித்து, ‘எனக்கு’ என்று திருத்தினேன். புள்ளி 1.

“எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டேண்ணே.”

“படிங்க.”

படித்தேன். தலையை அசைத்துவிட்டு ரைஃபிளை எடுத்து மேசைமேல் ஊன்றினார். அன்றைக்கு அவருக்கு 94.1, எனக்கு 93.6. பணியாரம் நான்தான் வாங்கினேன்.